கருங்களி நிலத்தில் ஒரு வீடு, மூன்று விலை

கனடாவில் இருக்கும் தம்பி அழைக்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டான். "அக்கா, அங்கே சதுர அடி என்ன விலை போகிறது?" 2023ஆம் ஆண்டு மாசி மாதம் அது. முல்லைத்தீவு மாவட்டத்தில் துணுக்காய்ப் பக்கம் உள்ள எங்கள் காணியில் அம்மாவுக்கும் தங்கைக்கும் ஒரு வீடு கட்டுவதென்று முடிவாகியிருந்தது. பணத்தில் பெரும்பங்கு அவனுடையது. இடத்தில் நின்று வேலையைப் பார்ப்பது என் பொறுப்பு. நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். ஆகவே கணக்கை அக்கா பார்த்துக்கொள்வாள் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் வீடு கட்டிய மச்சாள் ஒரு விலை சொன்னாள். வவுனியாவில் கடை கட்டிய சித்தப்பா இன்னொரு விலை சொன்னார். கொழும்பில் இருக்கும் பெரியம்மாவின் மகன் அதைவிட ஒன்றரை மடங்கு சொன்னார். மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு எதைத் தம்பிக்குச் சொல்வதென்று தெரியாமல் இரண்டு வாரம் இருந்தேன்.

எனக்குப் பயம் இருந்தது. அம்மா தன் வாழ்நாளில் அத்திவாரம் வெட்டப் பார்ப்பது இது மூன்றாவது தடவை. அப்பா கட்டிய முதல் வீடு 2009இல் போய்விட்டது. மீள்குடியேறியபின் இந்திய வீட்டுத்திட்டத்தில் இரண்டாவது வீடு கிடைத்தது. முதலில் 50,000 வீடுகளுக்கென்று வந்த அந்தத் திட்டத்தில் மிகப் பெரும்பங்கு வடக்கிலும் கிழக்கிலும் கட்டப்பட்டது. பயனாளியே நின்று கட்டிக்கொள்ளும் முறை. 550 சதுர அடி வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய், தவணை தவணையாக வங்கிக் கணக்கில் விழும். சதுர அடிக்குச் சரியாக 1,000 ரூபாய். அக்காலத்தில் ஊரெல்லாம் ஒரே நேரத்தில் வீடு கட்டியதால் மேசனுக்கும் மணலுக்கும் கல்லுக்கும் அடிபிடி. அம்மா நம்பி ஒப்படைத்த கொந்தராத்துக்காரர் சுவரைக் கதவு யன்னல்களுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்துக்கு ஏற்றிவிட்டு, அதுவரை வந்த காசை வாங்கிக்கொண்டு போனவர்தான், திரும்பி வரவில்லை. அம்மாவின் காப்புகள் அடைவுக்குப் போய்த்தான் கூரை ஏறியது. அந்தக் காப்புகள் இன்றுவரை மீளவில்லை. அன்று ஊரில் இப்படிக் கடன்பட்டுக் கூரை போட்ட குடும்பங்கள் ஏராளம்.

அந்த வீடும் நிலைக்கவில்லை. மூன்றாவது மாரியில் முன்னறை யன்னலின் கீழ் மூலையிலிருந்து ஒரு வெடிப்பு புறப்பட்டது. முதலில் தலைமயிர் அகலம். அம்மா அதன்மேல் சுண்ணாம்பு பூசினார். அடுத்த கோடையில் அது சாய்வாகப் படிபோல் இறங்கி, கல்லின் பொருத்துகளையெல்லாம் பிடித்துக்கொண்டு அத்திவாரம்வரை போனது. 2020 அளவில் அதற்குள் என் சுண்டுவிரல் நுழைந்தது. இரவில் படுத்திருந்தால் அந்த வெடிப்பின் வழியாக முற்றத்து விளக்கு தெரியும். மேசன்மார் வந்து பார்த்து "பூச்சுப் பிழை", "கல் சரியில்லை" என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருவரும் நிலத்தைப் பார்க்கவில்லை.

நிலத்தைப் பார்க்கச் சொன்னவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர். நாங்கள் அவரை ஐயா என்று மட்டுமே கூப்பிடுவோம். பழைய வீட்டைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். கிணற்றடியில் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து நீர்விட்டுப் பிசைந்து உள்ளங்கையில் உருட்டினார். அது பென்சில் தடிப்பில் நீண்டு, வளைத்தாலும் உடையாமல் வளையமாக நின்றது. "பிள்ளை, இது கருங்களி. கோடையில் சுருங்கும், மாரியில் ஊதும். இரண்டு அடி அத்திவாரத்தை இது ஒவ்வொரு வருடமும் தூக்கித் தூக்கி வைக்கும்" என்றார்.

துணுக்காயிலும் முருங்கனிலும் பரந்து கிடக்கும் மண் இது. குருமுசோல் என்று பாடப்புத்தகத்தில் நாங்களே படித்ததுதான். வவுனிக்குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களில் நெல் அப்படி விளைவதற்கு இந்த மண்ணும் ஒரு காரணம், ஏனென்றால் அது நீரை விடாது. ஆடி, ஆவணியில் வெறுங்காணியில் நடந்து பாருங்கள். கை புகும் அளவுக்கு நிலம் வெடித்திருக்கும். கார்த்திகையில் அதே இடத்தில் வெடிப்பின் தடமே இராது. புதுக்குடியிருப்பு, முள்ளியவளைப் பக்கத்துச் செம்மண்ணிலும் மணல் கலந்த மண்ணிலும் இந்தத் தொல்லை இல்லை. யாழ்ப்பாணத்தில் பல இடங்களில் இரண்டு மூன்று அடி தோண்டினாலே சுண்ணாம்புக்கல் தட்டும். பாறையின்மேல் கட்டிப் பழகிய ஒருவர் சொல்லும் சதுர அடி விலைக்குள் அந்தப் பாறையும் இருக்கிறது. மச்சாள் சொன்ன விலை எங்கள் காணிக்கு ஏன் பொருந்தாது என்று எனக்கு விளங்கிய இடம் அதுதான்.

நிலத்தைப் போலவே வழியும் விலையை மாற்றுகிறது. கருங்கல்லும் சல்லியும் வன்னிக்குச் சொந்தம். யாழ்ப்பாணத்துக்கே இங்கிருந்துதான் போகின்றன. மணலும் கிரவலும் கிட்டத்தான் இருக்கின்றன. ஆனால் அனுமதிப்பத்திரத்தோடு வரும் மணலுக்கு ஒரு விலை, இரவில் ஆற்றை அரித்து வருவதற்கு ஒரு விலை. இரண்டாவதை நான் வாங்கவில்லை. பாலியாற்றின் கரை எப்படி இடிந்து கிடக்கிறது என்று பார்த்தவர்கள் வாங்கமாட்டார்கள். சீமெந்து அப்படியில்லை. காங்கேசன்துறை ஆலை 1990இல் நின்றபின் வடக்குக்கான சீமெந்தெல்லாம் வெளியிலிருந்து வருவதுதான். ஏ-9 வீதியில் மாங்குளம்வரை பெரிய லொறியில் வரும் பொருள், அங்கிருந்து உள்ளே வரும்போது ஏற்றுக்கூலியும் இறக்குக்கூலியும் இன்னொரு முறை சேர்ந்துகொள்ளும். ஓடு என்றால் வழியில் உடைவதையும் சேர்க்கவேண்டும். முதிரை, பாலை என்று நம் காட்டு மரங்களின் பெயரைச் சொல்லி விலை கேட்பவர்கள், மரத்தை ஏற்றிவர அனுமதி வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கவேண்டும். பூநகரிப் பக்கம் கட்டுபவர்கள் தண்ணீரையே பார்க்கவேண்டியிருக்கிறது. கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் அதில் குழைத்த கொங்கிறீற்றுக்குள் கம்பி துருப்பிடிக்கும். நல்ல தண்ணீரைப் பவுசரில் எடுப்பதும் ஒரு செலவு.

காலமும் ஒரு விலைதான். 2022 பங்குனியில் ரூபாயை மிதக்கவிட்டபோது 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐ எட்டியது. முந்திய ஆண்டில் ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேலாக விற்ற 50 கிலோ சீமெந்துப் பை மூவாயிரத்தைத் தொட்டது. அந்த நாட்களில் கடைக்காரர் எழுதித் தந்த விலை அன்று மாலைவரைதான் செல்லும். அந்த ஆண்டு கொந்தராத்து எடுத்து நட்டப்பட்டவர்கள் இன்னும் அதை மறக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கும் விலை சொல்லும்போது தங்களுக்கு ஒரு காப்புத் தொகையைச் சேர்த்துச் சொல்கிறார்கள். அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். அந்தத் தொகை எவ்வளவு என்பதை மட்டும் தெரிந்துகொள்ள விரும்பினேன்.

ஐயா எனக்குச் சொல்லித்தந்த முதல் காரியம், ஒருவரிடமும் விலை கேட்காமல் இருப்பது. முதலில் எங்கள் வீட்டை நாங்களே அளந்து எழுதவேண்டும் என்றார். ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். வரைபடத்தை நடுவில் விரித்துவைத்து, நான்கு மாலை நேரங்களில் வீட்டை மண்ணிலிருந்து கூரைவரை எழுதினோம். அத்திவாரக் கிடங்கு இத்தனை கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). கருங்கல் கட்டு இத்தனை கியூப். 6 அங்குலக் கல்லில் வெளிச்சுவர் இத்தனை ஸ்குயர், 4 அங்குலக் கல்லில் உட்சுவர் இத்தனை ஸ்குயர். பொருத்துச் சாந்தோடு 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் வரும் கல், ஒரு ஸ்குயருக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, ஏறத்தாழ 112 போகும். பூச்சு, நிலம், நிலைகள், யன்னல்கள், கூரைமரம், ஓடு, பீலி, வயரிங், குழாய், மலக்குழி, உறிஞ்சுகுழி, நிறப்பூச்சு. ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன பொருள், என்ன கலவை, என்ன தடிப்பு என்று ஒரு வரி. விலைக் கட்டத்தை வெறுமையாக விட்டோம். பொறியியலாளர்கள் பி.ஓ.கியூ., அதாவது அளவுப் பட்டியல், என்று சொல்வது இதைத்தான். பெரிய அரச வேலைகளுக்குக் கேள்விப்பத்திரம் கோரும்போது இதே பட்டியல்தான் எல்லோருக்கும் போகிறது. வீடு கட்டும் ஏழைக்கு மட்டும் ஏன் அது வேண்டாம் என்று நினைக்கிறோமோ தெரியவில்லை. ஏழைக்குத்தான் அது கட்டாயம் வேண்டும்.

இதற்கு முன்பே இரண்டு கொந்தராத்துக்காரரிடம் தம்பி தொலைபேசியில் விலை வாங்கிவிட்டான். மூன்றாமவரை ஐயா கூட்டிவந்தார். ஆகவே மூன்று விலைகள் என் கையில் இருந்தன. வீடு வெளிச்சுவர் அளவில் 34 அடிக்கு 25 அடி, 850 சதுர அடி.

முதலாமவர் சதுர அடிக்கு 5,500 ரூபாய் என்றார். தம்பி உடனே 850ஆல் பெருக்கி 46 இலட்சத்து 75 ஆயிரம் என்று மகிழ்ந்துபோனான். இரண்டாமவர் ஒரே வரியில் மொத்தமாக 49 இலட்சம் என்று கடிதத் தாளில் எழுதி ஒப்பமிட்டிருந்தார். மூன்றாமவர் எங்கள் கொப்பியை இரண்டு நாள் வாங்கிப்போய், கட்டம் கட்டமாக விலை நிரப்பித் திருப்பித் தந்தார். கூட்டிப் பார்த்தால் 57 இலட்சத்து 80 ஆயிரம். சதுர அடிக்கு 6,800. "அக்கா, இந்த ஆள் கொள்ளைக்காரன்" என்றான் தம்பி.

முதலாமவரைக் காணிக்கு அழைத்து, எந்தச் சதுர அடியைச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. கூரை மூடும் இடமெல்லாம் கணக்கு என்றார். தாழ்வாரம் நான்கு பக்கமும் இரண்டு அடி வெளியே நீள்கிறது. 34 என்பது 38 ஆகிறது, 25 என்பது 29 ஆகிறது. பெருக்கினால் 1,102 சதுர அடி. 5,500 ரூபாய்ப்படி 60 இலட்சத்து 61 ஆயிரம். மிகக் குறைந்த விலை என்று நாங்கள் நினைத்தது, மூன்றிலும் கூடிய தொகை. அவர் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் வைத்துக்கொண்டு பேசியிருந்தோம். மலக்குழியும் உறிஞ்சுகுழியும் அவருடைய விலைக்குள் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாமவரின் 49 இலட்சத்தைக் கொப்பியோடு வரிவரியாக ஒப்பிட்டுக் கேட்டபோது, வயரிங் இல்லை, மலக்குழி இல்லை, உள்ளே மண் நிரப்பும் வேலை இல்லை, நிறப்பூச்சு இல்லை, யன்னல் கம்பிகள் இல்லை. இவற்றுக்கெல்லாம் ஐயாவும் நானும் மல்லாவியில் விசாரித்த விலைகளைப் போட்டோம்: வயரிங் 3 இலட்சத்து 20 ஆயிரம், குழிகள் 2 இலட்சத்து 40 ஆயிரம், மண் நிரப்பல் 1 இலட்சத்து 90 ஆயிரம், நிறப்பூச்சு 2 இலட்சத்து 60 ஆயிரம், கம்பிகள் 1 இலட்சத்து 30 ஆயிரம். 11 இலட்சத்து 40 ஆயிரம் ஏறியது. மூன்றாமவரின் விலையில் விடுபட்டிருந்தது மண் நிரப்பல் மட்டும்தான்.

பிறகு அத்திவாரம். முதல் இருவரும் இரண்டு அடி ஆழம் என்று வைத்திருந்தார்கள். மூன்றாமவர் நாங்கள் எழுதியபடி நான்கு அடி வெட்டி, அடியில் களியை அகற்றி மணலும் கிரவலும் நிரப்பி இறுக்கி, மேலே சுற்றிவரக் கம்பி போட்ட பீம் ஒன்று வைத்து விலை சொல்லியிருந்தார். எல்லாச் சுவரும் சேர்ந்து 180 அடி நீளம். அந்த மேலதிக வேலைக்கு மட்டும் ஏறத்தாழ 3 இலட்சத்து 60 ஆயிரம் வரும் என்று கணக்கிட்டு, மற்ற இருவரின் தொகையிலும் அதைக் கூட்டினோம். கடைசியில் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிய மூன்று எண்கள் இவை: முதலாமவர் 66 இலட்சத்து 61 ஆயிரம், இரண்டாமவர் 64 இலட்சம், மூன்றாமவர் 59 இலட்சத்து 70 ஆயிரம். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து அழைத்து, "அக்கா, பழைய வீடு வெடித்தது இந்த இரண்டு அடியாலா?" என்று கேட்டான். ஆம் என்றேன். அதற்குப் பிறகு சதுர அடி விலை பற்றி அவன் பேசவேயில்லை.

ஒரு விலைக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி எங்கள் வீட்டோடு நிற்பதில்லை. 2016 அளவில் வடக்குக் கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் என்ற திட்டம் வந்தபோது ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய் என்று சொல்லப்பட்டது. ஏறத்தாழ அதன் பாதிச் செலவில் இங்குள்ள மேசன்மாரைக் கொண்டு கல்வீடு கட்டலாம் என்று பொறியியலாளர்களும் பொது அமைப்புகளும் கணக்குக் காட்டினார்கள். அந்த 21 இலட்சத்துக்குள் தளபாடமும் சூரிய மின்கலமும் அடங்கியிருந்தன. இந்த வெப்பத்தில் இரும்புச் சுவருக்குள் எப்படிப் படுப்பது, பழுதானால் ஊரில் யார் திருத்துவது, நாளை ஓர் அறை கூட்டிக் கட்டலாமா என்பவற்றுக்கு விலைப்பட்டியலில் கட்டம் இருக்கவில்லை. சொன்ன அளவில் அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. அந்த விவாதத்தை அன்று ஏதோ அரசியல் என்று கடந்துபோயிருந்தேன். கொப்பியை வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் அவர்கள் செய்ததும் இதே கணக்கு என்று விளங்கியது.

தனித்தனி விலைகள் நியாயமானவையா என்று பார்ப்பதற்கு ஐயா பி.எஸ்.ஆர். என்ற பட்டியலைக் கொண்டுவந்தார். அரச கட்டடங்களுக்கு மதிப்பீடு செய்யும்போது திணைக்களங்கள் பயன்படுத்தும் வேலை விலைப்பட்டியல் அது. மாவட்டத்துக்கு மாவட்டம் விலை மாறும். ஒரு கியூப் கொங்கிறீற்றுக்கு எவ்வளவு பொருள், எத்தனை ஆள்நாள் என்ற கணக்கின்மேல் அது நிற்கிறது. தனியார் வீட்டுக்கு அதே விலை வரவேண்டும் என்றில்லை. ஆனால் ஒரு வரியில் மட்டும் விலை திடீரென்று இரண்டு மடங்காக நின்றால் ஏன் என்று கேட்க அது கைகொடுக்கிறது. மூன்றாமவரின் விலையிலும் அப்படி ஒன்று அகப்பட்டது. கூரைமரத்துக்கு மிகையாகப் போட்டிருந்தார். கேட்டபோது, கடைசியாக மரம் ஏற்றியபோது அனுமதிப்பத்திரத்தில் ஏதோ குறைபாடு என்று லொறி இரண்டு நாள் மறிக்கப்பட்டதாகச் சொன்னார். அந்தப் பயத்தின் விலை அது. அதை நான் குறைக்கச் சொல்லவில்லை.

விலையை விடவும் நான் அதிகம் பார்த்தது பணம் எப்போது போகிறது என்பதை. முதலாமவர் கிடங்கு வெட்டுமுன் நாற்பது வீதம் கேட்டிருந்தார், அதாவது 24 இலட்சத்துக்கு மேல். அத்திவாரமும் சுவரும் முடியும்போது அவர் கையில் முக்கால்வாசிப் பணம் இருக்கும், ஆனால் காணியில் அரைவாசி வீடுகூட நிற்காது. அம்மாவின் காப்புகள் போன வழி இதுதான். மூன்றாமவர் பதினைந்து வீதம் முன்பணமாக வாங்கிக்கொண்டு, மீதியை அத்திவாரம், லிண்டல், கூரை, பூச்சு, முடிவு என்று அளந்த வேலைக்கு வாங்கச் சம்மதித்தார். ஐந்து வீதத்தை, 2 இலட்சத்து 98 ஆயிரத்து 500 ரூபாயை, ஒரு மாரி முடியும்வரை என் கையில் வைத்திருப்பேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ரீச்சர், என் வேலையில் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார். பழைய வீட்டுக்குள் கூட்டிக்கொண்டுபோய் அந்த வெடிப்பைக் காட்டினேன். அவர் விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். சரி, எழுதுங்கள் என்றார்.

விலையேற்றத்துக்கு ஒரு வரி எழுதினோம்: சீமெந்தும் கம்பியும் பத்து வீதத்துக்கு மேல் ஏறினால் அந்த மேலதிகம் எங்களுடையது, அதற்குள் என்றால் அவருடையது. மற்றப் பொருட்கள் ஏறினாலும் இறங்கினாலும் அவர் பாடு. 2024 தை முதலாம் திகதி வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானபோது தரை ஓடும் நிறமும் வாங்கும் கட்டத்தில் இருந்தோம். வாய்த்தகராறு எதுவும் வரவில்லை. தாளில் இருந்ததை இருவரும் படித்தோம்.

வேலை வைகாசியில் தொடங்கியது. மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை நடக்கும்போது உதவியாட்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். ஐப்பசிக்குப் பிறகு தொடங்கினால் இந்தக் களியில் கிடங்கு வெட்டியவுடன் தண்ணீர் நிற்கும். இடையில் உள்ள மாதங்கள்தான் எங்களுக்குக் கிடைத்தவை. கூரை புரட்டாசிக்குள் ஏறிவிடவேண்டும் என்று ஒப்பந்தத்தில் திகதியோடு எழுதியிருந்தோம்.

பொருள் வந்து இறங்கும் நாட்களில் நான் விடுமுறை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். முதல் சுமை கம்பி வந்த நாளைச் சொல்லவேண்டும். 10 மில்லிமீற்றர்க் கம்பி, ஒவ்வொன்றும் 6 மீற்றர். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீற்றரின் நிறை கிலோவில் வரும் என்று ஐயா சொல்லியிருந்தார். 100ஐ 162ஆல் வகுக்க 0.617. ஆறு மீற்றருக்கு 3.7 கிலோ. பத்துக் கம்பிகளைக் கயிற்றால் கட்டி, நெல் நிறுக்கும் தராசில் வேப்பமரக் கிளையில் தூக்கினோம். 37 கிலோ காட்டவேண்டிய இடத்தில் முள் 32இல் நின்றது. இன்னொரு பத்தைத் தூக்கினோம். அதுவும் 32தான். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நுனியில் நிற அடையாளம், கட்டில் தாள், எல்லாம் இருந்தன. கொந்தராத்துக்காரரே வெட்கப்பட்டுப்போனார். கடையில் அவரையும் ஏமாற்றியிருக்கிறார்கள். அன்றே சுமையைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு கடையில் எடுத்தார். அதன்பிறகு நான் கேட்காமலே அவர் தராசைக் கொண்டுவந்து மரத்தில் கட்டிவிடுவார்.

மணலும் அப்படித்தான். ஒரு கியூப் என்றால் 100 கன அடி. உழவு இயந்திரப் பெட்டியை உள்ளளவில் அளந்தேன்: 10 அடி நீளம், 6 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். 90 கன அடிதான் வருகிறது. போதாததற்கு, ஈரமான மணல் காய்ந்த மணலைவிட நாலில் ஒரு பங்குவரை பெருத்துக் காட்டும். காலையில் ஆற்றிலிருந்து நேரே வரும் பெட்டியையும் ஒரு வாரம் குவித்துக் காய்ந்த மணலையும் ஒரே கியூப் என்று எழுதக்கூடாது. நான் மணல்காரரோடு சண்டை போடவில்லை. 90 என்று எழுதி 90க்குக் காசு கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார்.

பீம் போட்ட நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. 180 அடி நீளம், 9 அங்குலத்துக்கு 9 அங்குலம். ஒரு கியூப்பைவிட ஒரு சொட்டு அதிகம். சீமெந்து, மணல், சல்லி 1:2:4 என்ற கலவையில் ஒரு கியூப் கொங்கிறீற்றுக்கு 18 பை சீமெந்து விழவேண்டும். பின்னேரம் எல்லோரும் கைகால் கழுவப் போனபோது தங்கை வெறும் பைகளை உதறி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி எண்ணினாள். பதினெட்டு. அம்மா ஒரு வாரம் காலையும் மாலையும் அந்தப் பீமின்மேல் சாக்கை நனைத்துப் போட்டார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, வாளி தூக்கவேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

கூரை புரட்டாசி முடிவில் ஏறியது. உட்பூச்சு மழையால் இழுபட்டது, அதற்கு யாரையும் நோகமுடியாது. இடையில் குசினிக்குப் பின்கதவு ஒன்று வேண்டும் என்று தங்கை சொன்னாள். விறாந்தையை மூன்றடி நீட்டினோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் வேலைக்கு முன்பே விலை கேட்டு, கொப்பியில் எழுதி, இருவரும் ஒப்பமிட்டோம். அப்படிக் கூடியது 1 இலட்சத்து 65 ஆயிரம். ஆக மொத்தம் 61 இலட்சத்து 35 ஆயிரம். 2024 மாசியில் பால் காய்ச்சினோம்.

அந்த ஆண்டு கோடையில் காணி வழக்கம்போல் வெடித்தது. கார்த்திகை மழையில் மூடிக்கொண்டது. 2025 தை மாதம் பொங்கல் கழிந்த கிழமையில் கொந்தராத்துக்காரரும் ஐயாவும் நானும் டோர்ச் வெளிச்சத்தோடு ஒவ்வோர் அறையாகப் போனோம். ஒன்பது யன்னல்கள், முப்பத்தாறு மூலைகள். குசினி யன்னலடியில் பூச்சில் மட்டும் ஒரு மெல்லிய கீறல் இருந்தது. ஐயா அதை ஆணியால் சுரண்டி, உள்ளே கல் முழுதாக இருப்பதைக் காட்டினார். கொந்தராத்துக்காரர் கையோடு கொண்டுவந்திருந்த கரண்டியால் அதை வெட்டிப் பூசிவிட்டு, கை கழுவி வந்து அம்மா தந்த தேநீரைக் குடித்தார். 2 இலட்சத்து 98 ஆயிரத்து 500 ரூபாயை அம்மாவின் கையாலேயே கொடுக்கச் செய்தேன்.